சீஸ்கேக் நடுவில் பிளந்துபோகிறது, அட்டையில் "வேகும் வரை" என்று மட்டும் இருக்கிறது

நிலாமுற்றம் (நியூஜெர்சி)

அனைவருக்கும் வணக்கம். மூன்று வாரங்களாக ஒரு சீஸ்கேக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் கைகொடுக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டு அமெரிக்க அம்மையாருக்கு அடுத்த மாதம் எண்பது வயது நிறைகிறது. நாங்கள் இங்கே குடிவந்த அன்று பெட்டிகளைக்கூடப் பிரிக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தோம். அப்போது துணியால் மூடிய ஆப்பிள் பை (மாவு ஓட்டுக்குள் பழம் வைத்துச் சுடும் பலகாரம்) ஒன்றைச் சூடாகக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். இப்போது மூட்டுவலி. அடுப்பங்கரையில் அரை மணி நேரம் நிற்க முடியவில்லை. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். தான் செய்துவந்த சீஸ்கேக்தான் வேண்டும் என்றார். தகர டப்பாவைத் திறந்து, ஓரம் மங்கிப்போன ஓர் அட்டையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அட்டையில் மையால் எழுதியிருப்பது: க்ரீம் சீஸ் 4 பாக்கெட், சர்க்கரை 1 கப், முட்டை 4, வனிலா 1 தேக்கரண்டி. அடியில் கிரஹாம் பிஸ்கெட் தூள், வெண்ணெய். பக்கத்தில் பென்சிலால் "சவர் க்ரீம் 1 கப், எலுமிச்சைத் தோல்" என்று சேர்த்திருக்கிறார். செய்முறை ஒரே வரி: "வேகும் வரை ஓவனில் வைக்கவும்."

முதல் முறை, கோடையில் வறண்ட ஏரிபோல மேலெல்லாம் வெடித்துவிட்டது. இரண்டாம் முறை வெப்பத்தைக் குறைத்தேன். வெடிப்பு குறைந்தது, ஆனால் உள்ளே பட்டாணி அளவில் வெள்ளைக் கட்டிகள். மூன்றாம் முறை ஓவனுக்குள் அழகாக உப்பி எழுந்தது. வெளியே எடுத்துவைத்த பத்து நிமிடத்தில் நடுப்பகுதி உள்வாங்கி, குறுக்கே ஒரே கோடாகப் பிளந்தது. சுவை நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் மேசையில் பிளந்த கேக்கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

---

அளவுக்கரண்டி (புரூக்ளின், நியூயார்க்)

நிலாமுற்றம், கவலையை விடுங்கள். நீங்கள் சொன்ன மூன்று கோளாறுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன. முப்பது வருடமாக இதைச் செய்துவருகிறேன். மெதுவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பெயரில் கேக் என்று இருந்தாலும் இது கேக் அல்ல. முட்டையின் பலத்தில் உறையும் கஸ்டர்ட். மாவு, சோடா எதையும் நம்பி இது எழுவதில்லை. ஆகவே "உப்பி வரவேண்டும்" என்ற எண்ணத்தையே மறந்துவிடுங்கள். உப்பினால் தவறு நடந்துவிட்டது என்று பொருள்.

கட்டிகளுக்குக் காரணம் குளிர்ந்த க்ரீம் சீஸ். பாக்கெட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து இரண்டு மணி நேரமாவது வெளியே வையுங்கள். உறையோடு கட்டைவிரலால் அழுத்தினால், விரல் எதிர்ப்பின்றி இறங்கிக் குழி அப்படியே நிற்க வேண்டும். அதற்கு முன்னால் கலக்க ஆரம்பிக்காதீர்கள். முட்டையும் சவர் க்ரீமும்கூட அறை வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும். மிருதுவான சீஸில் குளிர்ந்த முட்டையை ஊற்றினால் சீஸ் திரும்பவும் இறுகிக் கட்டி தட்டும். சீஸையும் சர்க்கரையையும் மட்டும் முதலில் அடித்துக் குழைத்து, பாத்திரத்தின் அடியையும் பக்கங்களையும் கரண்டியால் வழித்துவிட்டு, மறுபடி அடியுங்கள். கட்டி இருந்தால் இந்தக் கட்டத்திலேயே கரைக்க வேண்டும். முட்டை விழுந்த பிறகு கரைக்க முடியாது.

உப்பி உள்வாங்கியதற்குக் காரணம் காற்று. முட்டைகளை ஒவ்வொன்றாக, மிக்ஸரை ஆகக் குறைந்த வேகத்தில் வைத்துச் சேருங்கள். மஞ்சள் கோடு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். கூடுதலாக அடித்தால் உள்ளே புகும் காற்று ஓவனில் விரிந்து கேக்கைத் தூக்கும். சூடு தணிந்ததும் காற்று சுருங்கும், மேல்தோல் தாங்காமல் கிழியும். மூன்றாம் முறை உங்களுக்கு நடந்தது இதுதான். ஊற்றிய பிறகு பாத்திரத்தை மேசையில் நாலு தட்டு தட்டினால் உள்ளிருக்கும் குமிழிகள் மேலே வரும். பல்குச்சியால் குத்திவிடுங்கள்.

முதல் முறை வெடித்தது வெப்பத்தால். ஓரம் முந்தி வெந்து இறுகிவிடுகிறது, நடு இன்னும் இளகியிருக்கிறது. நடுவும் வேகட்டும் என்று காத்திருந்தால் ஓரம் வறண்டு சுருங்கி இழுக்கும். அதற்குத்தான் வெந்நீர்த் தட்டு. பக்கம் கழலும் ஸ்பிரிங்ஃபார்ம் பாத்திரத்தை வெளியே இரண்டு சுற்று அகலமான அலுமினியத் தாளால் சுற்றி, பெரிய தட்டில் வைத்து, பாதி உயரத்துக்குக் கொதிநீர் ஊற்றி ஓவனுக்குள் வையுங்கள். ஓவன் 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருந்தாலும் தண்ணீர் 212-ஐத் தாண்டாது. ஓரம் நிதானமாக வேகும்.

இனி அந்த "வேகும் வரை". நம் வீட்டுப் பெரியவர்கள் "பதம் வந்ததும் இறக்கு" என்பார்களே, அதேதான். 9 அங்குலப் பாத்திரத்தில் ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம் வரை ஆகும். ஆனால் கடிகாரத்தைப் பார்க்காமல் கேக்கைப் பாருங்கள். பாத்திரத்தின் பக்கத்தை மெல்லத் தட்டினால் ஓரம் அசையாமல் நிற்க வேண்டும். நடுவில் இரண்டு மூன்று அங்குல வட்டம் மட்டும் கெட்டித்தயிர்போலத் தளதளவென்று ஆட வேண்டும். அலை அடித்தால் வேகவில்லை. ஆட்டமே இல்லையென்றால் நேரம் கடந்துவிட்டது. கண்ணை நம்பத் தயக்கமாக இருந்தால் சமையல் வெப்பமானியை நடுவில் குத்திப் பாருங்கள். 150 டிகிரி (சுமார் 65 செல்சியஸ்) காட்டினால் ஓவனை அணைத்துவிடுங்கள். உள்சூட்டிலேயே மீதி வேகும்.

அணைத்ததும் வெளியே எடுக்காதீர்கள். ஓவன் கதவு சற்றுத் திறந்திருக்கும்படி மரக்கரண்டியைச் செருகி ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு எடுத்து, மெல்லிய கத்தியால் கேக்குக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு சுற்று விடுங்கள். கேக் ஆறும்போது சுருங்கும். ஓரம் ஒட்டியிருந்தால் நடு கிழியும். பல பேர் விட்டுவிடுவது இந்த ஒரு வேலையைத்தான். நன்றாக ஆறியதும் குளிர்பெட்டியில் ஓர் இரவு முழுவதும் வைக்க வேண்டும்.

---

கோவைக்காரி (கோயம்புத்தூர்)

அளவுக்கரண்டி அக்கா, இதை அச்செடுத்து ஒட்டிவைக்கப் போகிறேன். இங்கே க்ரீம் சீஸ் கிடைக்கிறது, ஆனால் நாலு பாக்கெட் வாங்கினால் மாதச் செலவில் பெரிய துண்டு விழுகிறது. கொழுப்பு நீக்காத தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுச் செய்யலாமா? கிரஹாம் பிஸ்கெட்டுக்கு என்ன செய்வது?

---

அளவுக்கரண்டி

செய்யலாம். இரவு முழுவதும் குளிர்பெட்டிக்குள் தொங்கவிட்டு, தண்ணீர் சொட்டுவது நின்ற பிறகு எடுங்கள். தயிரில் கொழுப்பு குறைவு, ஈரம் அதிகம். ஆகவே இரண்டு மேசைக்கரண்டி சோளமாவு சேருங்கள். புளிக்காத புதுத் தயிராக இருக்கட்டும். நியூயார்க் சீஸ்கேக்கின் கனம் வராது. அது வேறு பலகாரம் என்று நினைத்துச் சாப்பிட்டால் அருமையாக இருக்கும். கிரஹாமுக்குப் பதில் டைஜெஸ்டிவ் பிஸ்கெட் கிட்டத்தட்ட சரியாக வரும். இரண்டிலும் முழுக்கோதுமை மாவின் மணம்தான் முக்கியம். மாரி பிஸ்கெட் போட்டால் ஒரு மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை கூட்டிக்கொள்ளுங்கள்.

---

தயிர்சாதம் (டெக்சஸ்)

எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. என் பெண் பள்ளியில் சாப்பிட்டுவிட்டு வந்து கேட்கிறாள். ஓவனில் வைக்காத சீஸ்கேக் என்று பார்த்தால் பல குறிப்புகளில் ஜெலட்டின் இருக்கிறது. அது விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுப்பது, எங்களுக்கு ஆகாது. வேறு வழி உண்டா?

---

பீச்மரம் (ஜார்ஜியா)

தயிர்சாதம், உங்களுக்கென்றே இங்கே ஒரு பழைய வழி இருக்கிறது. முட்டை இல்லை, ஜெலட்டின் இல்லை, ஓவனும் வேண்டாம்.

மிருதுவான க்ரீம் சீஸ் ஒரு பாக்கெட் (8 அவுன்ஸ்). அதைக் கட்டியில்லாமல் அடித்து, 14 அவுன்ஸ் கண்டென்ஸ்டு மில்க் டின் ஒன்றை முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கடைசியில் மூன்றில் ஒரு பங்கு கப் எலுமிச்சைச் சாறு. சாறு விழுந்து நாலு சுற்று சுற்றியதும் கலவை கண்ணெதிரே கெட்டிப்படும். கரண்டியைத் தூக்கினால் அதன் தடம் மேலே நிற்கும். எலுமிச்சையின் புளிப்பு பாலின் புரதத்தைத் திரளச் செய்கிறது. சர்க்கரையும் கொழுப்பும் அடர்ந்து கிடப்பதால் பால் திரிந்து தண்ணீராகப் பிரிவதில்லை, வழவழவென்று உறைகிறது. பிஸ்கெட் அடித்தளத்தில் ஊற்றி நாலு மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். மேலே செர்ரி போடுவது இங்கே வழக்கம்.

ஃபுளோரிடாவின் கீ லைம் பையும் இதே தத்துவத்தில் உறைவதுதான், அதில் மஞ்சள் கருவும் சேரும். ஃபுளோரிடா கீஸ் தீவுகளின் கடைக்கோடியான கீ வெஸ்டுக்கு 1912-இல் ரயில் வரும்வரை கடல் வழி ஒன்றுதான். அந்த வெயிலில் பசும்பாலும் பனிக்கட்டியும் அரிது. கெடாமல் இருந்தது டின் பால். கெய்ல் போர்டன் 1856-இல் காப்புரிமை பெற்ற கண்டென்ஸ்டு மில்க் அங்கே ஓர் அவசியப் பொருள். தீவில் காய்த்த சின்னஞ்சிறு எலுமிச்சையும் டின் பாலும் சேர்ந்த பலகாரம் இன்று அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வமான பை, 2006 முதல். கீ லைம் பை பச்சையாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிர் மஞ்சள்தான். பச்சையாக இருந்தால் நிறம் சேர்த்திருக்கிறார்கள்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. சில சவர் க்ரீமிலும் ஜெலட்டின் சேர்க்கிறார்கள். கடையில் வாங்கும் பை ஓடு சிலவற்றில் பன்றிக்கொழுப்பு உண்டு. மார்ஷ்மெல்லோ பெரும்பாலும் ஜெலட்டின்தான். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

---

தயிர்சாதம்

நன்றி அக்கா! இன்று மாலையே செய்கிறேன். "கரண்டியின் தடம் நிற்கும்" என்று சொன்னீர்களே, அது ஒன்றே போதும்.

---

பனிக்காடு (மிச்சிகன்)

யார் மனத்தையும் புண்படுத்த இதைச் சொல்லவில்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. நிலாமுற்றத்தின் அட்டையில் இருக்கும் அளவுகளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நாலு பாக்கெட், ஒரு கப், நாலு முட்டை, ஒரு தேக்கரண்டி. இது க்ரீம் சீஸ் நிறுவனத்தார் வெளியிட்ட குறிப்பு. பரம்பரைச் சமையல் அல்ல. அமெரிக்க வீட்டு இனிப்புகளில் பெரும்பாலானவை இப்படித்தான், பாக்கெட்டின் முதுகில் அச்சடித்து விற்பனைக்காகப் பரப்பியவை. நம் ஊரில் அதிரசப் பாகின் பதத்தைப் பாட்டியிடம் பக்கத்தில் நின்று கற்றோம். இதையும் அதையும் ஒரே தட்டில் வைத்துப் பேசலாமா என்று தெரியவில்லை.

---

பழைய_ஏடு (மாசசூசெட்ஸ்)

பனிக்காடு சொல்வதில் பாதி முழு உண்மை. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டு, மீதியோடு வாதாடுகிறேன்.

க்ரீம் சீஸே ஒரு வணிகப் பொருளாகத்தான் பிறந்தது. நியூயார்க் மாநிலத்தில் செஸ்டர் என்ற ஊரில் வில்லியம் லாரன்ஸ் என்ற பால்பண்ணைக்காரர், 1870-களில், பிரெஞ்சு நூஷாடெல் பாலாடைக்கட்டியில் கூடுதலாக க்ரீம் சேர்த்து இதை உருவாக்கினார். 1880-இல் ரெனால்ட்ஸ் என்ற விநியோகஸ்தர் அதற்கு ஃபிலடெல்ஃபியா என்று பெயர் வைத்தார். அந்த ஊரில் செய்ததால் அல்ல. ஃபிலடெல்ஃபியா வட்டாரத்துப் பால்பொருள்களுக்கு நல்ல பெயர் இருந்தது, அந்தப் பெயர் விற்கும். ஐரோப்பியர் கொண்டுவந்த சீஸ்கேக், தயிர்க்கட்டி போன்ற உதிரிப் பாலாடையில் செய்தது. நியூயார்க்கின் யூத உணவகங்கள் க்ரீம் சீஸுக்கு மாறியபோதுதான் இன்று நாம் பேசும் கனமான, வழவழப்பான கேக் வந்தது. அளவுக்கரண்டியின் ஊரில் ஜூனியர்ஸ் உணவகம் 1950-இல் தொடங்கியது. அங்கே அடியில் பிஸ்கெட் தூள் கிடையாது, மெல்லிய ஸ்பான்ஜ் கேக். அவர்களுக்கு அதுதான் முறை.

மற்றவையும் இப்படியே. பீக்கன் என்ற கொட்டையில் செய்யும் பை இன்றிருக்கும் உருவத்தில் பரவியது 1902-இல் சந்தைக்கு வந்த கேரோ என்ற சோளப்பாகோடு. அன்னாசிப் பழத்தைத் தலைகீழாக அடுக்கிச் செய்யும் கேக்கை நாடெங்கும் பிரபலமாக்கியது 1925-இல் ஹவாய் அன்னாசி நிறுவனம் நடத்திய சமையல்குறிப்புப் போட்டி. ஜெல்லோ என்ற ஜெலட்டின் இனிப்புத் தூள் 1897-இல் நியூயார்க் மாநிலத்தில் லிராய் என்ற சிற்றூரில் பிறந்தது. எல்லாம் பாக்கெட், எல்லாம் விளம்பரம். இதுவரை பனிக்காடு சொன்னது சரி.

ஆனால் சாக்லேட் சிப் குக்கியைப் பாருங்கள். என் வீட்டிலிருந்து விட்மன் நகரம் அதிக தூரமில்லை. அங்கே டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்ட் 1938 வாக்கில் அதைச் செய்தார். சாக்லேட் தவறி மாவில் விழுந்துவிட்டது, உருகும் என்று நினைத்தார், உருகவில்லை என்று ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. எனக்கு அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் கோபம் வரும். அவர் வீட்டுக்கலைத் துறையில் 1924-இல் முறையாகப் பட்டம் பெற்றவர், உணவைப் பற்றி வகுப்பெடுத்தவர். வேண்டுமென்றே சோதித்துச் செய்தார். படித்துக் கைதேர்ந்த ஒரு பெண்ணின் உழைப்பைத் தற்செயல் என்று சொல்லிச் சொல்லியே சிறுமைப்படுத்திவிட்டார்கள். 1939-இல் நெஸ்லேயோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி அந்தக் குறிப்பு சாக்லேட் பாக்கெட்டில் அச்சானது. ஆகவே பாக்கெட்டின் முதுகில் இருப்பதெல்லாம் நிறுவனம் சமைத்தது என்று சொல்ல முடியாது. ஒரு சமையலறையிலிருந்து பாக்கெட்டுக்குப் போய், பாக்கெட்டிலிருந்து லட்சம் சமையலறைகளுக்கு வந்தது.

இன்னொன்றையும் யோசியுங்கள். தாயைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தவர்களின் நாடு இது. அடுத்த வீடே மைல் கணக்கில் தள்ளியிருந்த பண்ணைகளின் நாடு. பக்கத்தில் நின்று பதம் சொல்லிக்கொடுக்கப் பாட்டி இல்லாத பெண்ணுக்கு அச்சடித்த அளவு ஒரு துணை. இங்கே கப்பும் கரண்டியும் தலைதட்டி அளப்பது ஒரு பழக்கமாகவே வேரூன்றியது அதனால்தான் என்பது என் எண்ணம். பெண்கள் குறிப்புகளைத் திரட்டிப் புத்தகம் போட்டு, உள்நாட்டுப் போர்க் காலத்திலேயே நிதி சேர்த்திருக்கிறார்கள். பாக்கெட் குறிப்பு அந்தப் புத்தகங்களுக்குள் போகும்போது யாரோ ஒருவர் சர்க்கரையைக் குறைத்திருப்பார், யாரோ ஒருவர் எலுமிச்சைத் தோல் சேர்த்திருப்பார்.

நிலாமுற்றம், அந்தப் பென்சில் எழுத்து எப்போது எழுதியது என்று அந்த அம்மையாரைக் கேட்க முடியுமா?

---

பனிக்காடு

வேக்ஃபீல்டைப் பற்றி எனக்குத் தெரியாது. தற்செயல் கதையை நானும் என் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். இன்று திருத்திச் சொல்கிறேன். பாக்கெட் குறிப்பு என்ற கருத்தில் இன்னும் நிற்கிறேன், ஆனால் முன்போல இறுக்கமாக இல்லை.

பாக்கெட்டே தேவைப்படாத ஒன்று உண்டென்றால் அது ஆப்பிள் பை. அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆப்பிள் ஐரோப்பாவிலிருந்து வந்தது, பையும் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கொண்டுவந்தது. ஆனால் இங்கே அது வேறாக வளர்ந்தது. எங்கள் பக்கத்துப் பழத்தோட்டங்களில் அக்டோபரில் நார்தர்ன் ஸ்பை என்ற ஆப்பிள் வரும். புளிப்பு, கடினம், வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும். மெக்கின்டாஷ் போட்டால் குழைந்து கூழாகிவிடும். நார்தர்ன் ஸ்பை கிடைக்காதவர்கள் கிரானி ஸ்மித் வாங்கலாம்.

நம்மவர்கள் தவறுவது ஓட்டில்தான். பரோட்டா மாவு பிசைந்த கை சும்மா இருக்காது, அழுத்தி அழுத்திப் பிசையும். பரோட்டாவுக்கு மாவு இழுபட வேண்டும். பைக்கு இழுபடவே கூடாது. குளிர்ந்த வெண்ணெயை மாவில் விரல்நுனியால் உதிர்த்து, பட்டாணி அளவுத் துண்டுகள் கண்ணுக்குத் தெரியும்போதே நிறுத்திவிட்டு, பனிநீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்து, கையில் பிடித்தால் கொழுக்கட்டைபோலப் பிடிபடும் அளவுக்குச் சேர்த்தால் போதும். அந்த வெண்ணெய்த் துண்டு ஓவனில் உருகி, அதிலிருக்கும் நீர் ஆவியாகி மாவைத் தூக்கிவிடும் இடம்தான் அடுக்கு. வெண்ணெய் முன்னாலேயே உருகிவிட்டால் அடுக்கும் இல்லை, மொறுமொறுப்பும் இல்லை.

வெர்மான்ட் மாநிலம் ஆப்பிள் பையைத் தன் அதிகாரபூர்வப் பையாக 1999-இல் சட்டம் போட்டு அறிவித்தது. பையோடு ஒரு கோப்பை குளிர்ந்த பால், அல்லது குறைந்தது அரை அவுன்ஸ் செடார் சீஸ் துண்டு, அல்லது ஒரு பெரிய கரண்டி வனிலா ஐஸ்கிரீம் பரிமாற நல்லெண்ணத்தோடு முயல வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. சூடான பையோடு செடார் சாப்பிட்டுப் பாருங்கள். இனிப்போடு உப்பு எப்படி ஒட்டுகிறது என்று தெரியும்.

---

பீச்மரம்

பை ஓடு கைவராதவர்கள் பீச் காப்ளரிலிருந்து தொடங்குங்கள். பிசைவதே இல்லை. ஒரு ஸ்டிக் வெண்ணெயை (113 கிராம்) ஓவன் பாத்திரத்தில் உருக்கி, ஒரு கப் மாவு, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் பால், ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு கரைத்து அதன்மேல் ஊற்றுங்கள். கலக்காதீர்கள். மேலே பீச் துண்டுகள். 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் முக்கால் மணி நேரம். அடியில் ஊற்றிய மாவு பழத்தைச் சுற்றிக்கொண்டு மேலே எழுந்து, ஓரமெல்லாம் வெண்ணெயில் பொரிந்து நிற்கும். ஓரத்துத் துண்டுக்கு எங்கள் வீட்டில் போட்டி.

---

மழைக்கால் (ஓஹையோ)

இடையில் ஒரு கேள்வி. நன்றி நவிலும் நாளுக்குப் பரங்கிக்காய் பை செய்தேன். பல்லில் ஒட்டும் அளவுக்குத் தித்திப்பு, நடு உறையவும் இல்லை, மேலே வேறு பிளந்துவிட்டது. குறிப்பில் உள்ளபடிதான் செய்தேன்.

---

அளவுக்கரண்டி

எவாபரேட்டட் மில்க் டின்னுக்குப் பதில் கண்டென்ஸ்டு மில்க் டின்னை எடுத்திருப்பீர்கள். இரண்டும் கடையில் அடுத்தடுத்து அடுக்கியிருக்கும். முதலாவது சர்க்கரை சேர்க்காமல் சுண்டவைத்த பால், இரண்டாவது பாதிக்குப் பாதி சர்க்கரை. அடுத்த முறை டின்னின் பெயரை இரண்டு தடவை படியுங்கள்.

பிளந்ததற்குக் காரணம், நடு உறையட்டும் என்று நீங்கள் கூடுதல் நேரம் வைத்தது. பரங்கிக்காய் பையும் முட்டைக் கஸ்டர்ட்தான். பீக்கன் பையும் அப்படியே. சீஸ்கேக்குக்குச் சொன்ன அதே பதம்: ஓரம் நிற்க வேண்டும், நடு தளதளக்க வேண்டும். ஒன்றில் கண் பழகிவிட்டால் மூன்றும் கைவந்துவிடும்.

---

நிலாமுற்றம்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு செய்திகள்.

பழைய_ஏடு ஐயா, கேட்டேன். மையால் எழுதியது க்ரீம் சீஸ் பெட்டியைப் பார்த்து எழுதியதுதான் என்று அவரே சொன்னார், கல்யாணமான புதிதில். பென்சிலால் எழுதியது அவருடைய மாமியார் இறந்த பிறகு. மாமியார் போலந்திலிருந்து வந்தவராம். அவர் செய்த பாலாடைக் கேக்கில் எலுமிச்சைத் தோல் மணக்கும், கொஞ்சம் புளிப்பும் இருக்கும். குறிப்பு எதுவும் எழுதிவைக்கவில்லை. கணவர் ஒவ்வொரு வருடமும் "அம்மா செய்ததுபோல இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். எலுமிச்சைத் தோலைச் சேர்த்துப் பார்த்தாராம். பிறகு சவர் க்ரீம். ஒரு வருடம் கணவர் எதுவும் சொல்லாமல் இரண்டாவது துண்டு கேட்டார், அன்று இரவே பென்சிலை எடுத்து எழுதினேன் என்றார்.

இரண்டாவது செய்தி. நேற்று நாலாம் முறை செய்தேன். சீஸை மூன்று மணி நேரம் வெளியே வைத்தேன். முட்டையை மெதுவாகச் சேர்த்தேன். வெந்நீர்த் தட்டு, வெப்பமானி, மரக்கரண்டி, கத்தி எல்லாம் அக்கா சொன்னபடி. ஒரு மணி எட்டு நிமிடத்தில் 150 காட்டியது. இன்று காலை பாத்திரத்தின் கொக்கியைக் கழற்றினேன். வெடிப்பில்லை. மேற்பரப்பு தந்த நிறத்தில் ஒரே சமமாக இருந்தது. ஓரத்தில் மட்டும் இளம்பழுப்புக் கோடு.

பிறந்தநாளுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. இதைப் பரீட்சைக்காகச் செய்ததால் பாதியை அவரிடம் கொண்டுபோனேன். முள்கரண்டியின் விளிம்பால் நுனியை அழுத்தி, அது உடையாமல் மெல்ல இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் தோல்" என்றார். அவ்வளவுதான். பிறகு அட்டையைக் கேட்டு வாங்கி, மேசை இழுப்பறையிலிருந்து பென்சிலை எடுத்து என் கையில் கொடுத்தார். விரல் மடங்குவதில்லை, நீயே எழுது என்றார். "வேகும் வரை" என்ற வரிக்குப் பக்கத்தில் 150 என்று எழுதினேன்.

---

பழைய_ஏடு

அந்த அட்டையைப் படம் எடுத்துப் பத்திரப்படுத்திவையுங்கள். இரண்டு பக்கத்தையும்.

---

பனிக்காடு

நிலாமுற்றம், படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பாக்கெட்டைப் பற்றி நான் முதலில் எழுதியதை எடுத்துக்கொள்கிறேன். எலுமிச்சைத் தோல் எவ்வளவு போட்டீர்கள்?

---

நிலாமுற்றம்

ஒரு பழத்தின் தோல் முழுவதும் துருவிப் போட்டேன். வெள்ளைப் பகுதி வராமல், மஞ்சளை மட்டும். அடுத்த முறை ஒன்றரை. சர்க்கரையோடு முதலிலேயே தேய்த்துக் கலந்தால் மணம் கூடும் என்று அவர் சொன்னார். அக்கா, வெட்டும்போது கத்தியில் ஒட்டிக்கொண்டு வருகிறது, அதற்கு என்ன செய்வது?

---

அளவுக்கரண்டி

உயரமான டம்ளரில் சுடுதண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை முக்கி, துடைத்துவிட்டு, நேராக இறக்கி, மேலே தூக்காமல் பக்கவாட்டில் உருவி எடுங்கள். பிறந்தநாளுக்கு முதல்நாள் காலையிலேயே செய்துவிடுங்கள், அன்றைக்குச் செய்தால் உறையாது. ஒன்றரைப் பழம் என்றால் சாற்றை வீணாக்காதீர்கள், தயிர்சாதத்தின் பெண்ணுக்கு ஒரு கண்டென்ஸ்டு மில்க் பைக்கு ஆகும்.

---

தயிர்சாதம்

அவள் நேற்றே இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டாள். தடம் நின்றது அக்கா.